கடலில் நின்ற மாடு

கஸ்டர்ட் கடை வைத்திருக்கும் கோர்டி சாஸ்ட்ரோ மாநாட்டுக்குப் போனபோது நன்றாகத்தான் போனார். விஸ்கான்சின் டெல்ஸில் வருஷா வருஷம் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கூடுகிற கூட்டம் அது. ஓசி பீர் கிடைக்கும். புது மாதிரி வாணலியைக் காட்டி ஏமாற்றுவார்கள். திரும்பி வரும்போது யாராவது தலையில் கட்டிய சாமான் ஒன்றோடு வருவது அவர் வழக்கம். இந்தத் தடவை ஒரு மெல்லிசான புத்தகத்தை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் கடையில் வேலை பார்க்கும் மார்லிஸ் நின்றிருந்த விற்பனை ஜன்னல் பக்கம் வந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ரகசியம் மாதிரி சொன்னார்:

"புளோரிடா."

"புளோரிடாவுக்கு என்ன?"

"நம்ம வாடிக்கைக்காரங்கள்ல குளிருக்குப் பயந்து அங்க ஓடிப்போறவங்க எத்தனை பேரு?"

"வயசானதுல பாதி அங்கதான் போகும். ஏன், நீங்களும் பெட்டியக் கட்டிட்டீங்களா?"

"நான் போறது இருக்கட்டும். அங்கேருந்து என்னைத் தேடிக்கிட்டு வரப்போறாங்க, மார்லிஸ்."

அவரைப் பயமுறுத்தியது ஒரு கதை. மாநாட்டில் யாரோ சொன்னது. ஓஹையோக்காரர் ஒருத்தர் முறுக்கிய ரொட்டி விற்கிறவர், பாவம், வாடிக்கைக்காரர்களுக்கு 'ரொட்டி சூடா இருக்கு' என்று ராத்திரி எட்டு மணி தாண்டிக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டாராம். அதை வாங்கியவர்களில் ஒருவர் புளோரிடாவில் இருந்தாராம். அங்கே எட்டு மணிக்கு மேல் வியாபாரச் செய்தி அனுப்பக்கூடாது. அந்த ஆள் வழக்குப் போட்டு, கடைசியில் ரொட்டிக்காரர் அடுப்பை விற்கும்படி ஆயிற்றாம்.

"அதுக்குன்னே ஒருத்தன் இருக்கானாம். ஊர் ஊரா இருக்கிற கடைகள்ல தன் நம்பரைக் குடுத்துட்டு, எப்படா தப்புப் பண்ணுவாங்கன்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பானாம்."

"நாம காலைல பத்து மணிக்குத்தானே அனுப்பறோம்?"

"இங்க பத்து. ஹவாயில?" என்றார் கோர்டி.

"ஹவாயில யாரு இருக்கா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரு இருக்கா? நமக்குத் தெரியுமா?"

மார்லிஸுக்கும் ஒரு பயம் வந்தது. அது ஹவாயால் இல்லை.

மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் ஆலிஸில் சாஸ்ட்ரோ கஸ்டர்ட் கடை இருக்கிறது. அங்கே கஸ்டர்ட் என்றால் முட்டை சேர்த்து ஐஸ்கிரீம் மாதிரி உறைய வைத்தது. வெனிலாவும் சாக்லேட்டும் எப்போதும் உண்டு. அது போக, நாளுக்கு ஒரு ப்ளேவர். அந்த ஊர்க்காரர்கள் காலையில் எழுந்தால் வெளியே பனி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் இன்றைக்கு எங்கே என்ன ப்ளேவர் என்று பார்ப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர் போனாலும் கையுறையோடு வரிசையில் நின்று கஸ்டர்ட் தின்பார்கள். அந்த ப்ளேவரைக் குறுஞ்செய்தியில் சொல்லும் வேலை மார்லிஸுடையது. ஒரு வரி ப்ளேவர், பின்னால் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பாள். 'இன்று பட்டர் பெக்கான். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கிறது, மெதுவாக ஓட்டு.' 'இன்று செர்ரி. காது அடைத்தால் வெந்நீர் குடி.' சாஸ்ட்ரோ கடைச் செய்தி என்றால் சொந்தக்காரர் பேசுவது போல இருக்கும் என்று ஊரில் பேச்சு. அவரவரும் அந்த இரண்டாவது வரி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது ஒரே ஒரு ஆளுக்கு. மார்லிஸின் தம்பி லோவெலுக்கு.

அம்மா செத்தபோது இரண்டு பேருக்கும் சண்டை. பேக்கர்ஸ் குழுவின் பந்தாட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்த அம்மாவை அந்தக் குழுவின் பச்சை ஜாக்கெட்டோடுதான் பெட்டியில் வைக்க வேண்டும் என்றான் லோவெல். சர்ச்சுக்குப் போகிற நீல உடைதான் மரியாதை என்றாள் மார்லிஸ். அவள் அக்கா. அவள் சொன்னது நடந்தது. அடக்கம் முடிந்த சாப்பாட்டில் ஹாம் ரொட்டியைக் கையில் வைத்தபடியே லோவெல் எழுந்து போனவன், அதோடு சரி. வீட்டைக் காலி செய்தான். அவள் நம்பரைத் தன் போனில் தடுத்து வைத்தான். அரிஸோனா பக்கம் போயிருப்பான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எப்போதும் வெயிலைப் பற்றியே பேசுகிறவன்.

ஆனால் கடையின் செய்திகளை மட்டும் அவன் நிறுத்தவில்லை. அவன் பெயர் அனுப்பும் பட்டியலில் இருந்தது. அனுப்பினால் போய்ச் சேர்ந்தது. தம்பியோடு பேச மார்லிஸுக்கு மிச்சமிருந்த ஒரே வழி கஸ்டர்ட் விளம்பரம்தான்.

கோர்டி, மாநிலம் மாநிலமாகக் குறுஞ்செய்திச் சட்டம் போட்டிருந்த அந்தப் புத்தகத்தை ராத்திரியெல்லாம் படித்துவிட்டு மறுநாள் சிவந்த கண்ணோடு வந்தார்.

"முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொண்ணு சொல்லுது. நம்மால பிரிச்சுப் பாக்க முடியாது. எந்த மாநிலம் எதுல ரொம்பக் கண்டிப்போ, அதை எல்லாருக்கும் வச்சிருவோம். அப்ப ஒருத்தனும் நம்மளைத் தொட முடியாது."

"சரி. என்ன பண்ணணும்?"

"பத்து மணிக்கு அனுப்பாதே. மத்தியானம் தாண்டி அனுப்பு. அப்பதான் ஹவாயில விடிஞ்சிருக்கும்."

"மத்தியானம் தாண்டினா நம்ம ஆளுங்க வந்து தின்னுட்டே போயிருப்பாங்களே?"

"பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை அனுப்பவே வேணாம். அலபாமாவுல ஆகாது."

"ஞாயித்துக்கிழமைதானே கோர்டி நமக்கு வியாபாரமே? சர்ச் விட்டதும் நேரா இங்கதானே வருவாங்க?"

"அலபாமாக்காரன்கிட்டப் போய்ச் சொல்லு."

இரண்டு வாரம் இப்படி ஓடியது. அதற்குள் மெக்ஸிகோ வளைகுடாவில் புயல் ஒன்று கிளம்பியது. லூசியானாவில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நெருக்கடி நிலையில் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு வியாபார அழைப்போ செய்தியோ எதுவும் போகக்கூடாது என்று கோர்டியின் புத்தகத்தில் இருந்தது. எல்லாருக்கும் எல்லாச் சட்டமும் என்று ஆன பிறகு வெஸ்ட் ஆலிஸும் அதில் சேர்த்திதானே. செய்தி நின்றது. வாடிக்கைக்காரர்கள் ஜன்னலில் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மார்லிஸ், நேத்தும் மெசேஜ் இல்ல, இன்னிக்கும் இல்ல. ஒடம்பு சரியில்லையா?"

"புயல்."

கேட்ட பெரியவர் திரும்பிப் பார்த்தார். தெளிவான ஆகாசம். ஒரு இலை அசையவில்லை.

"எங்கம்மா?"

"லூசியானாவுல."

"லூசியானாவுல புயலடிச்சா எனக்கு இங்க வாதாம் கஸ்டர்ட் இருக்கா இல்லையான்னு சொல்லக்கூடாதா?"

"கூடாதாம்."

"எந்த மடையன் சொன்னான்?"

பின்னாலிருந்து கோர்டி கை தூக்கினார். "நான்தான் சொன்னேன்."

மார்லிஸுக்கு அந்த நாட்களில் கையே ஓடவில்லை. ஊரில் முதல் பனி விழுந்திருந்தது. 'பனிக்கால டயரை மாற்று' என்று தம்பிக்குச் சொல்ல வேண்டும். அரிஸோனாவில் பனி விழாது என்று தெரியும். இருந்தாலும் முதல் பனிக்கு அவனுக்கு அதைச் சொல்வது அவள் பழக்கம். புயல் கரையைக் கடந்தால்தான் சொல்ல முடியும். அவள் தினமும் லூசியானா வானிலையைக் கேட்டாள். அந்த மாநிலத்தின் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது. கோர்டியே இறங்கி வந்தார்.

"வேற வழி இல்ல. யாரு எங்க இருக்காங்கன்னு கேட்டுருவோம். அந்தந்த ஆளுக்கு அந்தந்தச் சட்டம்."

"போன் பண்ணிக் கேக்கவா?"

"போன் பண்ணாதே! அதுக்கு வேற சட்டம் இருக்கு. ஒரே ஒரு மெசேஜ். எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்? அவ்வளவுதான். திருப்பிக் கேக்கக்கூடாது. கேட்டா தொந்தரவு."

அந்தக் கேள்வி போனது. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம் என்கிற மாதிரி ஜனங்கள் பதில் அனுப்பத் தொடங்கினார்கள். 'இங்கேதான் இருக்கிறேன், நாற்காலியில்.' 'விஸ்கான்சின். முட்டி வலி.' 'மின்னசோட்டாவில் மகள் வீட்டில். அவளுக்குச் சமைக்கவே தெரியவில்லை.' மாநில எல்லையில் பெலாய்ட் பக்கம் ஹெடி ரஸ்முசன் என்று ஒரு அம்மாள். வீடு விஸ்கான்சினில், தோட்டம் இலினாயில். 'இப்போது சமையலறையில், விஸ்கான்சின்' என்று அனுப்புவாள். கொஞ்ச நேரத்தில் 'கீரை பறிக்க இலினாய் போகிறேன்' என்பாள். மறுபடி, 'வந்துவிட்டேன்.'

கோர்டி அமெரிக்கா படம் ஒன்றை வாங்கிக் குளிர்பெட்டியின் இரும்புக் கதவில் ஒட்டினார். பால் கூட்டுறவுக்காரர்கள் எப்போதோ இலவசமாகக் கொடுத்த மாட்டுக் காந்தங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கறுப்பு வெள்ளை மாடுகள். ஊரை விட்டுப் போயிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாடு, முதுகில் பெயர். இன்னும் பதில் சொல்லாதவர்களை எங்கே வைப்பது? எந்த மாநிலத்தில் வைத்தாலும் பொய்யாகிவிடும் என்று கோர்டி அவர்களை அட்லாண்டிக் கடலில் நிறுத்தினார்.

முதலில் கடலில் ஒரு மந்தையே நின்றது. பதில் வர வர ஒவ்வொரு மாடாகக் கரையேறியது.

வெண்டெல் பட்ஸிக்தான் எல்லாரையும் விட ஒரு படி மேலே போனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு புளோரிடாவுக்குக் கிளம்பியவர், மாநிலத்துக்கு மாநிலம் தகவல் கொடுத்தார். 'இண்டியானா. தூறல்.' 'கென்டக்கி. மனைவி தூக்கம்.' மார்லிஸ் அவர் மாட்டைத் தெற்கே தள்ளித் தள்ளி வைத்தாள். வரிசையில் நிற்பவர்கள் கஸ்டர்டைக் கேட்பதற்கு முன்னால் அவரைக் கேட்டார்கள்.

"வெண்டெல் டென்னசி தாண்டிட்டானா?"

"இல்ல, சாப்பிட இறங்கியிருக்காரு."

"வழியெல்லாம் தின்னுக்கிட்டே போவான். பஸ் ஓட்டறப்பவே அப்படித்தான்."

இப்படி எல்லா மாடும் ஒரு இடத்தில் போய் நின்றது. கடலில் ஒன்றே ஒன்று பாக்கி.

கோர்டி ஒருநாள் அதன் எதிரே நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தனியா ஒரு மாடு நிக்குதே, இது யாரு?"

"லோவெல்."

"நம்ம லோவெலா?" லோவெலைச் சின்ன வயசிலிருந்து தெரியும் அவருக்கு. "பதில் வரலையா?"

"வரல."

"மார்லிஸ், மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும்தான் பொறுப்பேன். அப்புறம் பதில் சொல்லாதவங்க பேரை எடுத்துடணும்."

"கோர்டி, அவன் என் தம்பி."

"தெரியும். உன் தம்பிங்கறதுக்காக சட்டம் விட்டுடுமா? அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒருவேளை புளோரிடாவுல இருந்தான்னா?"

"அவன் கேஸு போடற ஆளா?"

"அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட் போடலைன்னு ஊரை விட்டே போனவன்மா அவன்."

மார்லிஸ் காலிக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அன்று கடை பூட்டும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மார்லிஸ் அந்த மாட்டைக் கடலிலிருந்து எடுத்து விஸ்கான்சினில் வைத்தாள். மில்வாக்கிக்குப் பக்கத்தில். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து மாட்டைக் கடலிலேயே விட்டாள். இவளுடைய பொய்யால் கோர்டி அடுப்பை விற்கும்படி ஆகிவிட்டால்? கஸ்டர்ட் கடையில் அடுப்பு இல்லை. இருந்தாலும்.

வேட்டைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஊரே பொரித்த மீன் தின்னும். மீனைத் தின்றவன் கஸ்டர்டுக்கு வருவான். விடிந்தால் காட்டுக்குப் போக வேண்டியவர்கள் வேட்டைக்காரர்களுக்கு விதித்த ஆரஞ்சு நிற உடுப்பை இன்றைக்கே மாட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை தெரு முனை வரைக்கும் இருந்தது. எட்டிப் பார்த்தால் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் வெண்டெலிடமிருந்து செய்தி வந்தது. 'ஜார்ஜியா முடிகிறது. புளோரிடா எல்லையில் வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். நீங்கள் இன்றைய செய்தியை அனுப்பிவிட்டால் சொல்லுங்கள், பிறகு உள்ளே போகிறேன். கோர்டிக்கு என்னால் கஷ்டம் வேண்டாம்.'

கோர்டி அதைப் படித்துக் கண்ணைத் துடைத்தார். "மனுசன்னா இவன் மனுசன். அனுப்பு மார்லிஸ், பாவம், காத்துக்கிட்டிருக்கான்."

மார்லிஸ் கடைச் செய்தி அனுப்பும் போனை எடுத்தாள். தம்பிக்குப் போகப்போகிற கடைசி வரி. இன்றைய ப்ளேவர் பட்டர் பெக்கான். அதை அடித்தாள். அதற்கு மேல் என்ன எழுத? குளிர், பனி, காது, டயர் எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. வரிசையில் முன்னால் நின்றவன் தொண்டையைச் செருமினான். யோசித்தால் எழுத மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. விறுவிறுவென்று அடித்து அனுப்பிவிட்டாள்.

'இன்று பட்டர் பெக்கான். நீல உடை தப்புதான்.'

வரிசை முழுவதும் ஆரஞ்சுச் சட்டைப்பைகளில் போன்கள் அதிர்ந்தன. எல்லாரும் குனிந்து படித்தார்கள்.

"நீல உடையா? அது என்ன ப்ளேவர்?"

"புதுசு போல."

"தப்புன்னு போட்டிருக்கே?"

"தப்புன்னா நல்லா இருக்கும்னு அர்த்தம். சாக்லேட் கேக்குக்கெல்லாம் இப்ப அப்படித்தான் பேரு வைக்கறாங்க."

முதல் ஆள் ஜன்னலில் கையை ஊன்றினான். "எனக்கு ரெண்டு நீல உடை. கோன்ல."

"எனக்கு ஒண்ணு, கிண்ணத்துல."

கோர்டி மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் தரையைப் பார்த்தாள். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய், கோடையில் பிள்ளைகள் கேட்கிற நீலக் கஸ்டர்ட் வாளியைத் தேடி எடுத்து வந்தார்.

"நீல உடை ரெண்டு!" என்று கத்தினார். நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிற மனிதர்.

எல்லையிலிருந்து வெண்டெல் எழுதினார்: 'செய்தி வந்தது. எந்த உடை? மனைவியிடம் நீலத்தில் ஒன்று இருக்கிறது, கேட்கிறாள்.'

அதற்கு அடுத்ததாக வந்த செய்தியில் வெறும் நம்பர் இல்லை, பெயர் இருந்தது. லோவெல்.

ஒரே ஒரு சொல். 'நிறுத்து.'

மார்லிஸ் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் விழுந்தது.

"என்ன? என்ன ஆச்சு?" கோர்டி போனைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஐயையோ. நிறுத்துன்னுட்டான்."

"ஆமா," என்றாள் மார்லிஸ். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. "நிறுத்துன்னு சொல்லிட்டான், கோர்டி. படிச்சிருக்கான். உசுரோட இருக்கான். நாலு வருஷத்துல என்கிட்டப் பேசின மொத வார்த்தை."

"உனக்குப் பைத்தியமா? நிறுத்துன்னு சொன்னவங்களுக்குப் பத்து வருஷம் அனுப்பக்கூடாது! வர்ஜீனியாச் சட்டம்! எங்க இருக்கான்னு தெரியாதவனுக்கு அதுதான்!"

"பத்து வருஷமா?"

"பத்து." கோர்டி புத்தகத்தைத் தேடி எடுத்து எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினார். விரலில் நீலக் கஸ்டர்ட் இருந்தது, பக்கமெல்லாம் நீலமாயிற்று. "இரு, இரு. இங்க இருக்கு. சரி, நிறுத்திட்டோம்னு ஒரு பதில் அனுப்பலாம். ஒண்ணே ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள. வியாபாரம்னு ஒரு சொல் அதுல வரக்கூடாது. அப்புறம் வாயத் திறக்கக்கூடாது."

மார்லிஸ் கஸ்டர்ட் எந்திரத்தின் மேலிருந்த மணிப்பொறியை ஐந்து நிமிஷத்துக்குத் திருகிவிட்டாள். அது டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியது.

வரிசையில் முன்னால் இருந்தவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. அவர்கள் பின்னால் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் அதற்கும் பின்னால் சொன்னார்கள். தெரு முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மார்லிஸின் புருஷன் ஓடிப்போய்விட்டான் என்று ஆகிவிட்டது.

"மன்னிச்சுக்கோன்னு எழுது," என்றது ஒரு ஆரஞ்சுத் தொப்பி.

"எதுக்கு மன்னிப்பு? விட்டுட்டு ஓடினவன் அவன்!"

"தம்பிய்யா, யோவ். புருஷன் இல்ல."

"தம்பின்னா திட்டி எழுது. திட்டினாத்தான் தம்பிங்க திரும்பி வருவாங்க. என் அக்கா அப்படித்தான்."

"சும்மா இருங்கய்யா எல்லாரும்!" கோர்டி கத்தினார். பிறகு நீல விரலைப் பக்கத்தில் வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "மார்லிஸ், இதைக் கேளு. அந்தப் பதில்ல ஒரு கேள்வி கேக்கலாமாம். எல்லாத்தையும் நிறுத்தவா, இல்ல சிலதை மட்டுமான்னு. அது சட்டத்துலயே இருக்கு. பதில் வரலைன்னா எல்லாம்னு அர்த்தம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அடித்தாள். இந்தத் தடவை மெதுவாக. 'உங்கள் விருப்பப்படி நிறுத்திவிட்டோம். நிறுத்த வேண்டியது கஸ்டர்ட் மட்டுமா, அக்காவையுமா? பதில் இல்லையென்றால் இரண்டையும் என்று எடுத்துக்கொள்வோம்.'

"'எடுத்துக்கொள்வோம்'னு போட்டிருக்கியே, நல்லா இருக்கு," என்றார் கோர்டி எட்டிப் பார்த்து. "ஆபீஸ்காரங்க மாதிரி இருக்கு. வக்கீல் பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அனுப்பினாள். மணி அடித்தது.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பிடித்திருந்த கோன் உருகிக் கை வழியே முழங்கை வரை ஒழுக, அப்படியே நின்றார்கள் மனிதர்கள். ஒரு அம்மாள் மட்டும் சாக்லேட் ஒன்று என்றாள், பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மார்லிஸ் கரண்டியை வாளியிலிருந்து எடுத்துக் கழுவினாள். கழுவியதை மறுபடி கழுவினாள்.

போன் அதிர்ந்தது.

'கஸ்டர்ட் மட்டும். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் ஆசை காட்டிக் கொல்கிறாய்.'

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். வரிசை கத்திய கத்தலில் எதிர்க் கடை மெத்தைக்காரர் வெளியே வந்து பேக்கர்ஸ் ஜெயித்துவிட்டார்களா, இன்றைக்கு ஆட்டமே இல்லையே என்று கேட்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சுவரிலிருந்த கடைத் தொலைபேசி அடித்தது. மார்லிஸ் எடுத்தாள்.

"யாரு கத்தறாங்க அங்க?" என்றது லோவெலின் குரல்.

"வாடிக்கைக்காரங்க." அவள் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள். "சர்க்கரையா உனக்கு? எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. சரி அக்கா, தினமும் மணி அடிச்ச மாதிரி பட்டர் பெக்கான், செர்ரின்னா மனுசன் என்ன பண்ணுவான்? டாக்டரம்மா கேக்கறா, யாரு உங்களைக் கெடுக்கறதுன்னு."

"அப்ப மொதல்லயே நிறுத்தறதுதானே?"

"பின்னால ஒரு வரி வரும் இல்ல," என்றான் லோவெல். "டயர மாத்துன்னெல்லாம்."

"மாத்தினியா?"

"மாத்தினேன்."

கோர்டி அவள் முழங்கையை இடித்தார். "மாநிலம்! மாநிலத்தைக் கேளு!"

"எந்த மாநிலத்துல இருக்கேன்னு கோர்டி கேக்கறாரு."

"ரசீன்ல இருக்கேன்."

"ரசீன்லயா? விஸ்கான்சின் ரசீனா?"

"ரசீன் வேற எங்க இருக்கு? ஓடிப்போறதுன்னா ரொம்ப தூரமா போக முடியும்? வேலை இங்கதானே கெடச்சுது."

ரசீன் அங்கிருந்து கார் ஏறினால் ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்கிய காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். மார்லிஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். நாலு வருஷமாக அவள் அரிஸோனாவில் வெயில் எவ்வளவு என்று கேட்டு வந்திருக்கிறாள்.

கோர்டி ஏணிப்படியை இழுத்துப் போட்டு ஏறி, கடலிலிருந்து மாட்டை எடுத்தார். ரசீனில் வைக்கப் பார்த்தார். கடைக்கு என்று ஏற்கெனவே வைத்திருந்த காந்தத்துக்கும் ரசீனுக்கும் நடுவே விரல் நகம் அளவுகூட இடம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் வைக்க முடிந்தது.

"நீல உடை தப்புன்னு எழுதியிருந்த," என்றான் லோவெல்.

"ஆமா."

"இல்ல அக்கா. ஜாக்கெட் அம்மாவுக்குச் சின்னதா இருந்துச்சு. பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடியே போட்டுப் பாத்தேன், பொத்தான் மாட்டல. உன்கிட்டச் சொல்லல."

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று வரிசையில் இருந்தவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது.

"சரி, நாளைக்கு என்ன ப்ளேவர்?" என்றான் அவன்.

"உனக்குச் சர்க்கரை."

"சும்மா கேக்கறேன். தெரிஞ்சா என்ன?"

அவள் கோர்டியைப் பார்த்தாள். கோர்டி ஏணியின் மேலிருந்து நீல விரலை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்: "சொல்லக்கூடாதா? சொந்தத் தம்பிக்குமா?"

"அவன் நிறுத்துன்னு எழுதிக் குடுத்திருக்கான். பத்து வருஷம்."

"லோவெல்," என்றாள் மார்லிஸ் போனில், "சொல்ல முடியாதாம். சட்டம். பத்து வருஷம் ஆகும்."

"பத்து வருஷமா!"

"வர்ஜீனியாச் சட்டம்."

"நான் வர்ஜீனியாவுலயே இல்லையே!"

"நீ எங்க இருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவன் வாய்க்குள்ளேயே ஏதோ திட்டினான். சின்ன வயசில் திட்டுகிற அதே மாதிரி. பிறகு கேட்டான்: "கடை வாசல்ல பலகை இன்னும் இருக்கா? ப்ளேவர் எழுதி வைப்பீங்களே?"

"இருக்கு."

"அதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா?"

மார்லிஸ் கேட்டாள். கோர்டி ஏணியிலிருந்து இறங்கி, புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, கடைசி அட்டையைக்கூட விடாமல் பார்த்தார்.

"பலகைக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "வந்து பாத்துக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமைகூட வரலாம்."